டபுள் பாஸைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்கு

மேற்கத்திய செவ்வியல் இசையில், வில்லால் வாசிக்கும் தந்திக்கருவிகளில் மிகப் பெரியதும் மிகத் தாழ்ந்து ஒலிப்பதுமான டபுள் பாஸை வாசித்தே வாழ நினைப்பவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது, அந்த வாழ்க்கையின் பெரும்பகுதி ஆர்க்கெஸ்ட்ராவின் பின்வரிசையில், ஏறத்தாழ எட்டுப் பேர் கொண்ட ஒரு பிரிவுக்குள் கழியும் என்பதே. மேடையின் நடுவே தனித்து நின்று கான்செர்ட்டோ (தனிக்கலைஞரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வாசித்தே வாழ்ந்தவர்கள் இக்கருவியின் வரலாற்றில் மிகச் சிலர். இதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. பாஸின் சுருதி சற்றே பிசகினால் அதன்மேல் நிற்கும் எல்லாக் கருவிகளின் சுருதியும் கலங்குகிறது; பாஸ் இமைப்பொழுது பிந்தினால் மேடையிலுள்ள அத்தனை பேரின் காலப்பிரமாணமும் கனத்துப்போகிறது. ஆகவே கருவி வாங்குவது முதல் ஓய்வு பெறுவது வரை எந்த முடிவையும் ஒரே கேள்வியை வைத்து எடுக்கலாம்: இது என் சுருதியையும் காலத்தையும் உறுதியாக்குமா, பக்கத்தில் நிற்பவர் என்னோடு இணைந்து வாசிப்பதை எளிதாக்குமா? இந்தக் கட்டுரையின் அறிவுரைகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்தே பிறந்தவை.

எந்த வயதில், எந்த உடலோடு

வயலினைப் போல ஐந்து வயதிலேயே தொடங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. இன்று 1/4, 1/8 அளவுகளில் சிறுவர்க்கான கருவிகள் கிடைக்கின்றன. என்றாலும் பியானோவோ செல்லோவோ ஓரளவு கற்றபின் பதின்ம வயதில் இக்கருவிக்கு வந்து சிறந்த இசைக்குழுக்களில் இடம்பெற்றவர்கள் பலர். லண்டனில் பிறந்த சி-சி நுவானோகு 100 மீட்டர் ஓட்டக்காரராக இருந்து, முழங்கால் காயத்தால் ஓட்டத்தைக் கைவிட்டு, 18 வயதில்தான் டபுள் பாஸைக் கையில் எடுத்தார். பின்னாளில் ‘ஏஜ் ஆஃப் என்லைட்டன்மென்ட்’ ஆர்க்கெஸ்ட்ராவின் முதன்மை பாஸ் கலைஞராக நெடுங்காலம் வாசித்த அவர், 2015இல் சினெகே என்ற இசைக்குழுவையும் நிறுவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பாஸ் மேதையான ஜோவான்னி பொட்டெசீனியும் சிறுவயதில் வயலின் பயின்றவரே. மிலான் கன்சர்வேட்டரியில் (இசைக்கல்லூரியில்) உதவித்தொகையுடன் எஞ்சியிருந்தவை பஸ்ஸூனுக்கும் டபுள் பாஸுக்குமான இடங்கள் மட்டுமே என்பதால் அவர் பாஸைத் தேர்ந்தார். இடம் இருக்கிறது என்பதற்காக ஒரு கருவியைத் தேர்வது இழுக்கல்ல. இன்றும் இளையோர் இசைக்குழுக்களில் பாஸ் வாசிப்போர் குறைவாகவே இருப்பதால், இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே குழுவில் நின்று பழகும் வாய்ப்பு ஒரு மாணவருக்குக் கிடைத்துவிடுகிறது. அந்த வாய்ப்பு தனிப்பாடத்தைவிடப் பெரிது என்பதே என் எண்ணம்.

உயரமும் பெரிய கையும் இருந்தால்தான் முடியும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். அமெரிக்காவின் அட்லாண்டா சிம்பொனியில் வாசித்த ஜேன் லிட்டில் ஐந்தடிகூட உயரமில்லாதவர். 1945 பிப்ரவரியில், 16 வயதில் சேர்ந்த அவர், 2016 மே மாதம் மேடையிலேயே மயங்கிச் சரிந்து காலமாகும் வரை 71 ஆண்டுகள் அதே குழுவில் வாசித்தார். பெண்களுக்கு இது ஏற்ற கருவியல்ல என்ற எண்ணமும் இசைக்குழுக்களில் வெகுகாலம் இருந்தது. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் 1966இல் ஓரின் ஓ’பிரையன் பாஸ் பிரிவில் சேர்ந்தபோதுதான் அக்குழுவின் நிரந்தர உறுப்பினர்களில் ஒரு பெண் இடம்பெற்றார். உடலின் அளவு முடிவு செய்வது ஒன்றைத்தான்: எந்தக் கருவி, எந்த உயரத்தில், நின்று வாசிப்பதா, உயர்ந்த ஸ்டூலில் அமர்ந்து வாசிப்பதா என்பதை.

கருவியும் வில்லும்

பெரியவர்கள் வாசிக்கும் டபுள் பாஸில் மிகப் பரவலானது, பெயரளவில் 3/4 என்று சொல்லப்படும் அளவுதான். அதுவே ஓர் ஆள் உயரத்தைத் தாண்டும். கடைக்காரர் ‘முழு அளவு’ என்று எதையாவது காட்டினால் அதற்காக ஏங்க வேண்டாம். பார்க்க வேண்டியது தந்தியின் அதிரும் நீளத்தை. 104 முதல் 106 செ.மீ. வரை இருந்தால் பெரும்பாலான கைகளுக்குப் பொருந்தும். 110ஐ நெருங்கினால் சிறிய கை உடையவர் ஒவ்வொரு நாளும் அதற்கு விலை கொடுக்க நேரும்.

மரவகையில் மூன்று நிலைகள் உண்டு. ஒட்டுப்பலகையால் ஆனவை உறுதியானவை, விலை குறைந்தவை, வெப்பநிலை மாற்றங்களைத் தாங்குபவை; ஆனால் வில்லால் வாசிக்கும்போது ஒலி மூடிக்கிடக்கும். மேற்பலகையை மட்டும் செதுக்கிய ஸ்புரூஸ் மரத்தால் செய்தவை இடைநிலை. முழுதும் செதுக்கப்பட்டவையே தொழில்முறைக் கருவிகள். கற்கத் தொடங்குபவர் இடைநிலைக் கருவியை வாங்கி, மிச்சப் பணத்தை நல்ல தந்திகளுக்கும், தந்திகளைத் தாங்கும் குதிரையின் உயரத்தையும் கருவியின் உள்ளே நிற்கும் சிறு மரத்தூணான சவுண்ட் போஸ்டின் இடத்தையும் சரிசெய்யும் கைதேர்ந்த பழுதுபார்ப்பவருக்கும் செலவிடுவது நல்லது. தந்திகள் விரற்பலகையிலிருந்து அளவுக்கு மீறி உயர்ந்து நிற்கும் ஒரே காரணத்தால் கைவலி வந்து, இக்கருவி தமக்கு வராது என்று விட்டுவிட்டவர்கள் உண்டு. அது மிக வருந்தத்தக்க இழப்பு, ஏனெனில் ஒரே பிற்பகலில் சரிசெய்யக்கூடிய குறை அது.

தமிழ்நாட்டின் கடற்கரை நகரங்களிலோ இலங்கையிலோ சிங்கப்பூரிலோ இருந்து ஐரோப்பாவுக்குக் கருவியோடு செல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஈரக்காற்றில் பழகிய மரம், சூடேற்றி வைத்த குளிர்கால அறையில் வேகமாக உலர்ந்து சுருங்கும். மேற்பலகையில் வெடிப்பு விழும். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஈரப்பதமானி ஒன்று வாங்கும் செலவு, ஒரு வெடிப்பை ஒட்டும் செலவின் முன் ஒன்றுமே இல்லை.

வில்லைப் பற்றிய முடிவைத் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டும். பிரெஞ்சு வில்லைச் செல்லோ வில்லைப் போல மேலிருந்து பிடிக்கிறார்கள். ஜெர்மன் வில்லின் அடிக்கட்டை உயரமானது, கையை அதன் கீழிருந்து கொடுத்துப் பிடிக்க வேண்டும். இரண்டில் எது சிறந்தது என்ற வாதத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டிலும் மாமேதைகள் இருந்திருக்கிறார்கள். ஆனால் எங்கே வேலை தேடப் போகிறீர்கள் என்பது முக்கியம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஜெர்மன் வில்லே வழக்கம். பிரான்சில் பிரெஞ்சு வில். அமெரிக்காவில் ஒரே பிரிவுக்குள் இரண்டையும் காணலாம். வியன்னாவில் வாசிக்கக் கனவு காண்பவர் பிரெஞ்சு வில்லோடு ஐந்தாண்டு பழகியபின் மாறுவது கடினமான பாதை. வயலின் வில் சுமார் 60 கிராம் என்றால் பாஸ் வில் அதைப்போல் இருமடங்குக்கு மேல் கனக்கும். அந்தக் கனத்தைத் தந்திமேல் இறங்கவிடக் கற்பதே வலக்கையின் பாடம். அழுத்தி வாசிக்கும் பழக்கம் தோளைக் கெடுக்கும், ஒலியையும் நெரிக்கும்.

இன்னொன்று: ஆர்க்கெஸ்ட்ரா இசையில் சாதாரண நான்கு தந்திகளுக்கும் கீழே செல்லும் ஸ்வரங்கள் அடிக்கடி வருகின்றன. நான்கு தந்திகள் கீழிருந்து ஈ, ஏ, டி, ஜி என நான்காம் இடைவெளியில் சேர்க்கப்படுகின்றன. கீழ் ஈயின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள சி வரை போக, அமெரிக்கர்கள் கழுத்தின் தலைப்பகுதியில் ஒரு நீட்சியைப் பொருத்துகிறார்கள். ஜெர்மானியர் தாழ்ந்த பி சுருதியில் ஐந்தாவது தந்தி சேர்க்கிறார்கள். மாணவப் பருவத்தில் இது தேவையில்லை. தொழிலுக்குள் நுழையும்போது தவிர்க்க முடியாது.

கையும் காதும்

பாஸ் வாசிப்பின் அடிப்படைச் சிக்கல் தூரம். 105 செ.மீ. நீளத் தந்தியில் விரல் வைக்காத திறந்த தந்திக்கு அடுத்த அரைத்தொனி (அடுத்தடுத்த இரு ஸ்வரங்களுக்கு இடையிலான மிகச் சிறிய இடைவெளி) ஏறத்தாழ 6 செ.மீ. தள்ளி இருக்கிறது, வயலினில் அது 2 செ.மீ.கூட இல்லை. ஆகவே கழுத்தின் கீழ்நிலைகளில் இடக்கை ஒரே இடத்தில் நின்று ஒரு முழுத்தொனியை, அதாவது இரண்டு அரைத்தொனிகளை மட்டுமே அளக்க முடியும். வியன்னாவில் கற்பித்த ஃபிரான்ஸ் சிமாண்டல் (1840–1912) ஒன்று, இரண்டு, நான்காம் விரல்களைக் கொண்டு இந்த முழுத்தொனியைப் பிடித்து, அரைத்தொனி அரைத்தொனியாக நிலை (கை நிற்கும் இடம்) மாறும் முறையை வகுத்தார். உலகின் பெரும்பகுதியில் மாணவர்கள் இன்றும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். சிரியாவின் அலெப்போவில் 1931இல் பிறந்து பாரிஸில் வாழ்ந்து கற்பித்த ஃபிரான்சுவா ரபாத் வேறு வழி காட்டினார்: விரற்பலகை முழுவதையும் ஆறு பெரிய நிலைகளாகப் பிரித்து, கட்டைவிரலை நகர்த்தாமல் கையை இருபுறமும் சாய்த்தே அண்டை ஸ்வரங்களைப் பிடிப்பது. சிமாண்டல் முறையில் முதல் மூன்று ஆண்டுகள் ஊன்றி நின்று, கை உறுதிப்பட்டபின் ரபாத்தின் முறையைச் சேர்த்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் கைக்கு எந்த வரைபடமும் நிலைப்பதில்லை.

சுருதிக்கு நம்மவர்களிடம் ஒரு நல்ல கருவி ஏற்கெனவே இருக்கிறது. சுருதிப் பெட்டியையோ மின்தம்புராவையோ ஒலிக்கவிட்டு, அதன்மீது ஸ்கேல்களை மிக மெதுவாக, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முழு வில் கொடுத்து வாசியுங்கள். ஐரோப்பிய, அமெரிக்க ஆசிரியர்களும் இடைவிடாது ஒலிக்கும் ஆதார ஸ்வரத்தோடு சாதகம் செய்யவே சொல்கிறார்கள். தாழ்ந்த ஸ்வரங்களில் காது சுருதியை எளிதில் பிரித்தறிவதில்லை என்பதால், அதே பத்தியை முதலில் ஓர் எண்மம் (ஒரு ஸ்தாயி) மேலே வாசித்து அல்லது பாடிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குவது பெரிதும் உதவும்.

காலப்பிரமாணத்தில் பாஸுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தடித்த தந்தி அசைந்து முழு ஒலிக்கு வர நேரம் பிடிக்கிறது. நடத்துநரின் கோல் விழும் கணத்தில் வில்லை நகர்த்தத் தொடங்கினால் ஒலி பிந்தித்தான் வரும். எனவே வில்லின் முடி தந்தியை முன்கூட்டியே கவ்வியிருக்க வேண்டும். ஒலியின் தொடக்கம் தெளிவாக, மெய்யெழுத்தைப் போல, ஒலிக்க வேண்டும். சீரான தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமோடு குறுகிய ஸ்வரங்களை ஒவ்வொன்றாக, இடையில் மௌனம் விட்டு வாசிக்கும் பயிற்சியை நாள்தோறும் பத்து நிமிடமாவது செய்து, அதைப் பதிவு செய்து கேளுங்கள். பத்தடி தள்ளி வைத்த ஒலிப்பதிவுக் கருவி, வாசிப்பவர் காதுக்கு எட்டாத உண்மையைச் சொல்லும்.

கல்லூரி

எந்தக் கல்லூரி என்பதைவிட எந்த ஆசிரியர் என்பதே பெரிது. இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் இசைக்குழுவில் வாசிப்பவரிடம் கற்க முயலுங்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ஒரு தனி வகுப்பு எடுத்துப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் கல்விநிலையம் 1928 முதல் எல்லா மாணவர்களிடமிருந்தும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் அங்கே இடங்கள் மிகக் குறைவு. ஜெர்மனியின் அரசு இசைக்கல்லூரிகள் பலவற்றில் கட்டணம் இல்லை அல்லது குறைவு. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் கராயன் அகாடமி போன்ற பயிற்சித் திட்டங்கள், பட்டம் முடித்தவர்களைக் குழுவினரோடு சேர்த்து மேடையில் அமர்த்துகின்றன. இவற்றை எந்தப் பட்டத்துக்கும் மேலாக மதிக்கலாம். சென்னையிலோ கொழும்பிலோ இருப்பவர்கள் ஏ.பி.ஆர்.எஸ்.எம்., டிரினிட்டி ஆகிய பிரிட்டிஷ் அமைப்புகளின் இசைத்தேர்வுகளுக்கான டபுள் பாஸ் பாடத்திட்டத்தைப் பின்பற்றித் தொடங்கலாம். சிங்கப்பூரில் 2003இல் தொடங்கிய யோங் சியூ தோ கன்சர்வேட்டரி நமக்கு அருகிலுள்ள நல்ல வாசல்.

ஆடிஷன்

வேலைக்கான தேர்வு பெரும்பாலும் ஒரு செவ்வியல் கால கான்செர்ட்டோவோடு தொடங்கும்: டிட்டர்ஸ்டார்ஃப் அல்லது வன்ஹால் என்ற இசையமைப்பாளருடையது. இவை பதினெட்டாம் நூற்றாண்டில் வியன்னாவில் வழங்கிய, டி மேஜர் தந்திசேர்ப்பு கொண்ட ஐந்து தந்திக் கருவிக்காக எழுதப்பட்டவை. அக்கருவியில் திறந்த தந்திகளில் இயல்பாக விழுந்த ஸ்வரக்கோவைகளை நாம் இன்றைய தந்திசேர்ப்பில் பிடிப்பதால்தான் அவை இவ்வளவு கடினமாக இருக்கின்றன. அதை உணர்ந்து வாசிப்பவர் அந்தக் கோவைகளில் எளிமையைத் தேடுவார், பலத்தை அல்ல. அடுத்த சுற்றுகளில் பொட்டெசீனி அல்லது குசெவிட்ஸ்கியின் கான்செர்ட்டோவைக் கேட்பதுண்டு. பாஸ்டன் சிம்பொனியின் நடத்துநராக 1924 முதல் 1949 வரை இருந்த செர்கே குசெவிட்ஸ்கி, தொடக்கத்தில் மாஸ்கோவில் பாஸ் கலைஞராகவே பெயர் பெற்றவர்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பவை ஆர்க்கெஸ்ட்ரா பகுதிகளே. பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதியின் நடுவே பாஸ்களும் செல்லோக்களும் தொடங்கிவைக்கும் வேகமான பத்தி, ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் மனிதக்குரல் பேசுவதுபோல வரும் பத்தி, மோட்சார்ட்டின் முப்பத்தைந்தாம், நாற்பதாம் சிம்பொனிகள், ஸ்ட்ராஸின் ‘ஐன் ஹெல்டன்லேபன்’, வெர்டியின் ‘ஒதெல்லோ’ நான்காம் அங்கம், மாலரின் முதல் சிம்பொனியில் மூன்றாம் பகுதியைத் தொடங்கும் தனிவாசிப்பு ஆகியவை ஏறத்தாழ எல்லாப் பட்டியல்களிலும் வரும். மாலரின் அந்தப் பத்தி பார்வைக்கு எளிது: குழந்தைகள் பாடும் ஒரு சுற்றுப்பாட்டு, மைனரில், மெல்ல. வில்லின் நடுக்கம் முழுதும் வெளியே தெரியும் இடம் அது. இப்பகுதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வது போதாது. முழு சிம்பொனியை ஸ்கோரோடு (எல்லாக் கருவிகளின் வரிகளும் அடங்கிய இசைத்தாளோடு) கேட்டு, அந்த நேரத்தில் ஓபோ என்ன செய்கிறது, டிம்பனி எங்கே விழுகிறது என்று அறிந்திருந்தால், நீங்கள் தனியாக வாசிக்கும்போதும் மற்றவர்கள் உடன் வாசிப்பதுபோல் காலம் அமையும். திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் தேர்வாளர்கள் தேடுவது அதைத்தான்: இவரோடு நாளை காலை வாசிக்க முடியுமா என்று.

ஒரு தோல்வியில் மனம் உடைய வேண்டாம். ஓர் இடத்துக்குப் பலர் வருவார்கள். எவரையும் தேர்ந்தெடுக்காமலே தேர்வு முடிவதும் உண்டு. வாசித்து முடித்த அன்றே, எந்தப் பத்தியில் சுருதி ஆடியது, எங்கே அவசரப்பட்டது என்று எழுதி வையுங்கள். இடம் கிடைத்தாலும் உடனே நிரந்தரமாவதில்லை. ஜெர்மனியில் சோதனைக் காலம் வழக்கமாக ஓராண்டு, அதன் முடிவில் சக கலைஞர்களே வாக்களிக்கிறார்கள். பிரிட்டனில் பல மாதங்கள் நீளும் வெள்ளோட்டம் உண்டு.

பிரிவுக்குள்

சோதனைக் காலத்தில் உங்களை எடைபோடுவது வாசிப்பை மட்டும் வைத்தல்ல. பிரிவின் தலைவர் குறித்துக் கொடுத்த வில்திசைகளை முதல் ஒத்திகைக்கு முன்பே உங்கள் தாளில் பென்சிலால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கு ஒரு இசைத்தாள் தாங்கி என்றால் உள்பக்கம் (பார்வையாளருக்கு அப்பால்) நிற்பவரே தாள் திருப்ப வேண்டும். தலைவரின் வில் தந்தியின் எந்த இடத்தில் ஓடுகிறதோ அதே இடத்தில், அதே நீளத்தில் உங்கள் வில்லும் ஓடட்டும். ஒலியளவில் அவரை ஒருபோதும் மிஞ்ச வேண்டாம். ஹைடன், மோட்சார்ட் இசையில் பாஸ் பெரும்பாலும் செல்லோவின் வரியையே ஓர் எண்மம் கீழே வாசிக்கிறது. ஆகவே காதைச் செல்லோக்களின்மேல் வையுங்கள், கண்ணை முதல் வயலினின் வில்லின்மேல். வியன்னாவின் மியூசிக்ஃபெரைன் அரங்கைப் போலப் பாஸ்கள் கடைசி வரிசையில் நீளமாக நிற்கும் மேடைகளில் முன்னால் இருந்து வரும் ஒலி பிந்தியே எட்டும். அங்கே காதை நம்பினால் தாமதம் கூடும், கண்தான் துணை.

முன்னேற விரும்புபவருக்குத் துணைத் தலைவர், தலைவர் இடங்கள் இருக்கின்றன. தலைவராவதற்குத் தனிவாசிப்புத் திறன் தேவைதான். அதைவிட, தயங்கும் ஏழு பேரை ஒரே மூச்சில் தொடங்கவைக்கும் உடல்மொழி தேவை. டொமெனிகோ டிராகொனெட்டி (1763–1846) ஐம்பது ஆண்டுகளாக லண்டனின் இசைக்குழுக்களில் முதல் தாங்கியில் நின்றவர். 1799இல் வியன்னாவில் பேத்தோவனின் செல்லோ சொனாட்டா ஒன்றை இவர் பாஸில் வாசித்துக் காட்ட, பேத்தோவனே உடன் பியானோ வாசித்தார். தனித்திறனும் பிரிவை நடத்தும் திறனும் ஒருவரிடமே இருக்க முடியும் என்பதற்கு அவரைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

உடலும் வருமானமும்

முதுகு, இடக்கையின் கட்டைவிரல், வலத்தோள், காது ஆகியவைதான் இத்தொழிலில் முதலில் பாதிப்படைபவை. கட்டைவிரலால் கழுத்தை நெரிக்காமல், கையின் எடையால் தந்தியை அழுத்தப் பழகுங்கள். அரைமணிக்கு ஒருமுறை கருவியைக் கீழே வையுங்கள். வலி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால், இசைக்கலைஞர்களைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ செல்லுங்கள். பொறுத்துக்கொண்டு வாசிப்பது வீரமல்ல. பித்தளைக் கருவிகளுக்கும் தாளக்கருவிகளுக்கும் அருகே நிற்பதால் காதும் ஆபத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் நாளின் சராசரி 85 டெசிபெல்லை எட்டினால் செவிக்காப்பைக் கட்டாயமாக்குகின்றன. அளந்து செய்த காதடைப்பான்களை மாணவப் பருவத்திலேயே பழகிக்கொண்டால் பிற்பாடு அவை ஒலியை மறைப்பதாகத் தோன்றாது.

நிரந்தர இடம் கிடைக்கும் வரையிலும், கிடைக்காமலே போனாலும், மாற்று ஆளாக அழைக்கப்படும் வேலையில் கௌரவமாக வாழ முடியும். அந்த அழைப்புகள் திறமைக்கு அடுத்தபடியாக நேரந்தவறாமைக்கும் நல்ல குணத்துக்கும் வருகின்றன: கேட்டவுடன் பதில் சொல்பவர், ஒத்திகைக்கு அரைமணி முன்னே வருபவர், வண்டி வைத்திருப்பவர். கற்பித்தலைத் தொடக்கத்திலிருந்தே வாரத்தில் ஒரு நாளாவது வைத்துக்கொள்ளுங்கள். சிலர் மட்டுமே சேர்ந்து வாசிக்கும் அறையிசையையும் விட வேண்டாம். 1819இல் ஷூபர்ட் எழுதிய ‘டிரவுட்’ குவின்டெட் (ஐவர் வாசிக்கும் படைப்பு) போன்ற படைப்புகளுக்குப் பாஸ் தேவைப்படும்போது உங்கள் பெயர் நினைவுக்கு வர வேண்டும்.

கருவிக்குத் தனியே காப்பீடு எடுங்கள். பயணத்தையும் வாடகை வண்டியையும் அது உள்ளடக்குகிறதா என்று ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். விமானத்தில் கொண்டுசெல்ல வேண்டுமானால் கடினப் பெட்டியின் நீளம், அகலம், எடை மூன்றையும் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து, சம்மதத்தை எழுத்தில் பெற்ற பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள். பிரேசிலின் பெர்னாம்புகோ மரத்தால் ஆன வில் உங்களிடம் இருந்தால், அம்மரம் 2007 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், வாங்கிய ரசீதையும் செய்தவர் அளித்த சான்றையும் பத்திரமாக வைத்திருங்கள். என்றோ ஒருநாள் அந்த வில்லை விற்க நேர்ந்தால் வாங்குபவர் முதலில் கேட்பது அந்தக் காகிதங்களைத்தான்.